ஏற்காட்டில் கிடைக்கும் பழைய ரூட்லெட்ஜ் சிறுவர் நூல்: ஆண்டைக் கண்டுபிடிக்கும் முறை

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பங்களாவைக் காலி செய்யும்போதும், சேலத்தில் பழைய புத்தகக் கட்டைப் பிரிக்கும்போதும் வண்ணப் படம் போட்ட ஆங்கிலச் சிறுவர் நூல்கள் தலைகாட்டும். பலவற்றில் ஆண்டு அச்சாகியிருக்காது. லண்டன் ரூட்லெட்ஜ் வெளியீடு என்றால் கவலையில்லை. பதிப்பகப் பெயரே வழி சொல்லிவிடும்.

தலைப்புப் பக்கத்தின் அடியில் உள்ள பெயரை ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் ரூட்லெட்ஜ் பதிப்புத் தொழிலில் இறங்கியது 1836-ல். மைத்துனர் ஃபிரெடெரிக் வார்ன் 1851-ல் பங்காளியானதும் ‘ஜார்ஜ் ரூட்லெட்ஜ் அண்ட் கோ’. 1858-ல் மகனும் சேர, ‘ரூட்லெட்ஜ், வார்ன் அண்ட் ரூட்லெட்ஜ்’. 1865-ல் வார்ன் பிரிந்துபோய்த் தனிக்கடை போட்டார். இங்கே ‘ஜார்ஜ் ரூட்லெட்ஜ் அண்ட் சன்ஸ்’ ஆயிற்று. ‘லிமிடெட்’ ஒட்டியிருந்தால் 1889-க்கு முந்தையது அல்ல. முகவரியும் உதவும்: ஃபேரிங்டன் தெரு என்றால் 1852-க்குப் பிறகு, லட்கேட் ஹில் பிராட்வே என்றால் ஏறத்தாழ 1865-க்குப் பிறகு. ‘நியூயார்க்’ என்று இருப்பதைப் பார்த்து அமெரிக்க அச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். அங்கே அவர்களுக்கு 1854 முதலே கிளை இருந்தது.

அடுத்தது படம். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகும் லென்ஸ் போதும். வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். படத்தில் நிழல் தீட்டிய இடத்தில் கையால் செதுக்கிய மெல்லிய கோடுகள் ஒழுங்கின்றி நெருங்கியும் விலகியும் ஓடினால் மரக்கட்டை அச்சு. எட்மண்ட் எவன்ஸ் அச்சகம் ரூட்லெட்ஜுக்காக ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை வைத்து அடித்ததும் இப்படித்தான். அளந்து வைத்தாற்போல வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன், அதாவது படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அடிக்கும் அச்சு; வண்ணத்தில் அது 1890-களுக்குப் பிந்தைய வேலை. ஆங்கிலேய ஓவியர் ராண்டால்ஃப் கால்டெகாட்டின் படநூல்களில் ஏமாறுவோர் அதிகம். ரூட்லெட்ஜ் அவற்றை 1878 முதல் 1885 வரை கிறிஸ்துமஸுக்கு இரண்டிரண்டாக வெளியிட்டது. அதே நூலில் பதிப்பகப் பெயராக வார்ன் இருந்தால் பிற்கால மறுபதிப்பு. விற்பவர் அதையும் முதல் பதிப்பு என்றுதான் சொல்வார்.

கடைசிப் பக்க விளம்பரப் பட்டியலை அளவோடு நம்புங்கள். அச்சடித்த தாள்களைக் கிடங்கில் வைத்து, கேட்பு வரும்போது கட்டுக்கட்டாக பைண்டு செய்வார்கள். பட்டியல் சேருவது அப்போதுதான். ஆகவே அது பைண்டிங்கின் காலத்தைக் காட்டும், அச்சின் காலத்தை அல்ல. உள்ளட்டையில் மையால் எழுதிய தேதி அதற்குப் பிந்தி நூல் அச்சாகியிருக்காது என்று மட்டுமே சொல்லும். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியின் பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தால் சீட்டு 1917-க்கு முந்தையதாக இருக்க முடியாது, பள்ளி தொடங்கியதே அப்போதுதான். நூலோ அதற்கு முப்பது ஆண்டு மூத்ததாக இருக்கலாம்.

மலையிலிருந்து சேலத்துச் சித்திரை வெயிலுக்கு நேராக இறக்கினால், பனியில் ஊறிய அட்டை சட்டென்று காய்ந்து வளையும். செய்தித்தாளில் சுற்றி, நிழலில், மேலே லேசான பாரம் வைத்து ஒரு வாரம் விடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். மடிப்பில் கம்பித் தையல் துருவேறியிருந்தால் இழுக்காதீர்கள், தாள் கம்பியோடு கிழியும். கம்பியின் கால்களை உட்பக்கம் மெல்லிய கத்திமுனையால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைக்கலாம். செல்லோடேப் மட்டும் கூடவே கூடாது.