பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் 'ஸ்' கேட்கவில்லை

காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கருவி) வைத்தபின் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்த மகள், திடீரென்று 'பஸ்' என்பதை 'ப'வோடு நிறுத்தினாள். ஆறு பேச்சு ஒலிகளைச் சொல்லி, கேட்டால் கை தூக்கச் சொல்லும் லிங் ஆறு ஒலிச் சோதனையை என் உதடு தெரியாதபடி செய்து பார்த்தேன். ஆ, ஊ, ஈ, ம் நான்குக்கும் கை தூக்கினாள். 'ஷ்' சந்தேகம், 'ஸ்' சுத்தமாக இல்லை.

பேட்டரி மாற்றினேன், தலையில் ஒட்டும் காயிலின் (coil) கேபிளை மாற்றினேன், ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) மேப்பிங்கை, அதாவது அவளுக்கேற்ற ஒலி அளவு அமைப்பை, பார்த்துச் சரி என்றார். வெளியே காதில் மாட்டி ஒலியை வாங்கி அனுப்பும் பிராசசரில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. சென்னை வியர்வைதான் காரணம் என்று ராத்திரி முழுக்க ஈரத்தை உறிஞ்சும் டிரை பாக்ஸில் வைத்தும் பலனில்லை.

அப்புறம் பிராசசரின் மைக் வாங்கும் ஒலியைப் பெற்றோர் கேட்டுப் பார்க்க உதவும் மானிட்டர் இயர்போனைச் செருகி நானே கேட்டேன், போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி மந்தமாக இருந்தது! மைக் கவரை வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய பளபளப்பு: தேங்காய் எண்ணெய். பாட்டி காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார், உடனே பிராசசரை மாட்டுவோம். டிரை பாக்ஸ் ஈரத்தை எடுக்கும், எண்ணெயை எடுக்காது. கவர் அடைத்தால் முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள், 'ஸ்' அதில்தான் இருக்கிறது.

புதுக் கவர் போட்டதும் அன்றைக்கே 'ஸ்'ஸுக்குக் கை தூக்கினாள், எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இப்போது எண்ணெய் ராத்திரியில், பிராசசரைக் கழற்றிய பிறகுதான். காலையில் காதுக்குப் பின்னால் துடைத்துவிட்டு மாட்டுகிறோம்.