திங்கள் காலை செல்ஃப் எடுக்காத கார்: மீட்டரை வைத்துக் கசிவைப் பிடிப்பது எப்படி?

வெள்ளி மாலை வாசலில் நிறுத்திய என் டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார், திங்கள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். இரண்டு வாரமாக இதே கதை. கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதியது வாங்கினேன். அடுத்த திங்கள் அதுவும் படுத்துவிட்டது. ஜம்பர் வயர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு டாக்ஸிக்கார மாமா சிரித்தார்: "குழாய் ஒழுகுது தம்பி, நீ தொட்டியை மாத்திக்கிட்டிருக்கே."

ரங்கூனில் கரண்ட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்துதான் பேட்டரிக்கு சார்ஜ் போடவேண்டியிருக்கிறது. அதனால் கரண்ட் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவதே மேல்.

தேவையானவை: 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், முதலைப்பல் கிளிப் மாட்டிய இரண்டு வயர். கையில் மோதிரம், உலோக வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் சிகரெட் கூடாது. ஹைப்ரிட் வண்டியில் ஆரஞ்சு நிற கேபிளையும், எந்த வண்டியானாலும் மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரையும் தொடவே தொடாதீர்கள்.

படி 1: பேட்டரியை அளந்து பாருங்கள்

வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழித்து, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு டெர்மினலிலும் தொடுங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்திலும், திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு விழாத் தண்ணீரில் வண்டி குளித்து முடித்த பிறகும் இது அடிக்கடி வரும்.

படி 2: டைனமோவைப் பாருங்கள்

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது டைனமோதான். அப்போது அதே இடத்தில் 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். எஞ்சின் நின்றிருந்தபோது காட்டிய அளவுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட்டையும் டைனமோவையும் காட்ட எலக்ட்ரீஷியனிடம் போங்கள். என் வண்டியில் 14.2 வந்தது. அப்படியானால் வண்டி நிற்கும்போதுதான் ஏதோ குடிக்கிறது.

படி 3: கசிவை அளந்து பாருங்கள்

இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் பெட்டி டாஷ்போர்டுக்குக் கீழே இருப்பதால் கதவு திறந்தே இருக்கவேண்டும், ஆனால் மூடியிருப்பதாக வண்டி நினைக்கவேண்டும். கதவுச் சட்டத்தில் ரப்பர் பொத்தான் இருந்தால் அதை அமுக்கி டேப் ஒட்டுங்கள்.

மீட்டரின் சிவப்பு வயரை 10A துளைக்கு மாற்றி, டயலையும் டிசி ஆம்பியருக்குத் திருப்புங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வயரை 10A துளையில் விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால் நேரடி ஷார்ட். எனக்கு ஒரு ஃபியூஸ் அப்படித்தான் போனது.

மாட்டியதும் எண் பெரிதாக வரும், பயப்படவேண்டாம். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம் கொடுங்கள். அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குள் நின்றால் நல்லது. எனக்கு 0.42 காட்டியது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம்; 0.42-ஐ 60-ஆல் பெருக்கினால் 25 ஆம்பியர்-மணி. என் 34B19 ரக பேட்டரியின் கொள்ளளவே சுமார் 27. பாவம், புது பேட்டரிதான் என்ன செய்யும்?

படி 4: ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்

முதலில் ஃபியூஸ் பெட்டியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்குக் கையேடு இருந்தாலும் ஜப்பான் எழுத்தில்தான் இருக்கும், படம்தான் துணை. ஒன்றைப் பிடுங்குங்கள், மீட்டரைப் பாருங்கள், எண் குறையவில்லையா, அதே இடத்தில் திரும்பச் செருகுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர், மாற்றிச் செருகிவிடாதீர்கள்.

'DOME' என்ற உள்விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் 0.02-க்கு இறங்கியது. உள்விளக்கு அணைந்துதான் இருந்தது. அதே லைனில் இருந்த இன்னொன்று, பிற்பாடு மாட்டிய ரேடியோ பிளேயர். வண்டியோடு வந்த ஜப்பான் ரேடியோவை இங்கே பலரும் கழற்றிவிட்டு வேறு போடுகிறோம். என்னுடையதைப் போட்டவர் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். மஞ்சளுக்கு எப்போதும் கரண்ட் வரவேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால்தான் வரவேண்டும். சேர்த்துவிட்டதால் திரை அணைந்த பிறகும் பிளேயர் விழித்தே இருந்திருக்கிறது.

படி 5: சரிசெய்து மறுபடி அளந்து பாருங்கள்

நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, சிவப்பு வயரைப் பிரித்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் சிகரெட் லைட்டர் லைனில் சேர்த்தேன். அப்புறம் மீட்டரை மறுபடி மாட்டினேன்: 0.02.

உங்கள் வண்டியில் எல்லா ஃபியூஸையும் பிடுங்கிய பிறகும் எண் இறங்கவில்லை என்றால், பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லை என்றால் டைனமோவுக்குள் இருக்கும் டயோடு கசியலாம். அளந்த எண்ணைத் தாளில் எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பேட்டரியை மாற்றச் சொன்னால் அந்தத் தாளை நீட்டுங்கள்.