கடல் காற்றாலைக்கான இரும்பு வேலை: ராமநாதபுரம் பட்டறைகளுக்கு

தமிழகக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்காக 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இறக்கையும் கோபுரமும் நம் பட்டறைகளுக்கான வேலை அல்ல. கடலுக்குள் இறக்கும் அஸ்திவாரக் குழாய் ஒன்றே பல நூறு டன். தூத்துக்குடி மாதிரி ஆழமான துறைமுகத்தை ஒட்டித்தான் அதைச் செய்ய முடியும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே புதுத் துறைமுகம் தோண்டும் பேச்சே கூடாது. நமக்கு உரியது அஸ்திவாரத்தில் மாட்டும் ஏணி, கைப்பிடி, நடைமேடை. 2.5 மீட்டர் அகலத்துக்குள் செய்தால் சாயல்குடி வழியாகச் சாதாரண லாரியிலேயே தூத்துக்குடி போய்ச் சேரும்.

தகடு வாங்கும்போதே 3.1 வகை ஆலைச் சான்றிதழ் (இரும்பின் சோதனை முடிவுகளை ஆலையே உறுதி செய்து தரும் தாள்) கேட்டு வாங்குங்கள். வெட்டுவதற்கு முன்பே ஹீட் நம்பரை, அதாவது அந்த இரும்பு எந்த உருக்கில் வந்தது என்று சான்றிதழோடு இணைக்கும் எண்ணை, ஒவ்வொரு துண்டிலும் பஞ்ச் அடித்துவிட வேண்டும். நம்பர் இல்லாத துண்டு ஒன்று கலந்தாலும், வெல்டிங் எத்தனை சுத்தமாக இருந்தாலும் ஏணி திரும்பி வரும். வெல்டருக்கு ஐஎஸ்ஓ 9606 என்ற வெல்டர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும்.

இந்தக் கரையில் வேலை கெடுவது பெரும்பாலும் பெயின்டில்தான். கூர்மையான விளிம்பில் பெயின்ட் நிற்காது. எல்லா விளிம்பையும் 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டுங்கள். பிளாஸ்டிங்குக்கு, அதாவது காற்றழுத்தத்தில் துகள் அடித்துத் துருவை எடுக்கும் வேலைக்கு, கடல் மணல் ஆகாது. அதில் உப்பு இருக்கிறது, சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்றுவிடும். கார்னெட் என்ற கனிமத் துகளை வாங்குங்கள். பிளாஸ்டிங் முடிந்ததும் தகட்டில் பேட்ச் (உப்புச் சோதனைக்கான சிறு ஒட்டு) ஒட்டி உப்பை அளக்க வேண்டும்: சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போனால் உயர் அழுத்த நன்னீரில் கழுவி, மறுபடி பிளாஸ்டிங். நம்மூர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பு இன்னும் ஏறும். ஆர்ஓ தண்ணீரே சரி. உப்பு அடியில் தங்கினால் சில மாதங்களில் பெயின்ட் கொப்புளிக்கும்.

பிளாஸ்டிங் ஆன 4 மணி நேரத்துக்குள் பிரைமர். அப்போது ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிப்புள்ளி சுமார் 27. இரும்பு 30-ஐத் தொட்டாக வேண்டும். விடியலில் குளிர்ந்து கிடக்கும் இரும்பில் அடிக்காதீர்கள். வாடை வீசும் மாதங்களில் மூடிய கொட்டகையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இல்லாமல் ஆர்டர் எடுக்க வேண்டாம். வெல்டிங் தையல், போல்ட் துளை, விளிம்பு மூன்றுக்கும் ஒவ்வொரு பெயின்ட் கோட்டுக்கு முன்பும் பிரஷ்ஷால் தனியே ஒரு கை அடியுங்கள்.

ஏற்றும்போது சங்கிலி போடாமல் நைலான் பெல்ட்டில் தூக்கி, ரப்பர் வைத்த கட்டையில் இறக்குங்கள். கீறல் விழுந்த இடத்தை லாரி கிளம்பும் முன்பே தேய்த்து, அதே கோட்டுகளை வரிசையாக அடித்துவிடுங்கள்.