ஒரே காணி, ஒன்பது விலை: கொழும்புப் புறநகரில் துண்டு பிரித்து விற்பவர்களுக்கு

வத்தளை, கடவத்தை, ஹோமாகம, பிலியந்தலை என்று கொழும்பைச் சுற்றியுள்ள ஊர்களில் பரம்பரைக் காணியைத் துண்டு பிரித்து விற்க முனையும் குடும்பங்கள், பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடுதான் தொடங்குகின்றன: இந்தப் பக்கத்தில் பேர்ச் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) என்ன விலை போகிறது? தரகர் ஒருவர் ஒரு விலையைச் சொல்வார், அயல்வீட்டார் இன்னொன்றைச் சொல்வார், இரண்டுக்கும் நடுவே ஒரு தொகையைப் பிடித்து எல்லாத் துண்டுக்கும் அதையே போட்டு விளம்பரம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் குடும்பமும் வத்தளையை அடுத்த ஹெந்தளையில் அப்படித்தான் செய்தது. முதற் சனிக்கிழமையே வீதியோரத்து இரண்டு துண்டுகளுக்கும் முற்பணம் கிடைத்தது. வீதி முட்டி நிற்கும் கடைசித் துண்டு மூன்று ஆண்டுகள் புல் மண்டிக் கிடந்தது. அந்தப் பிழையிலிருந்து நான் கற்றுக்கொண்ட முறையையே இங்கு எழுதுகிறேன்.

கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்பது நல்லது. இதில் வரும் விலைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவையே அன்றி, எந்த ஊரின் சந்தை விலையும் அல்ல. உங்களிடம் 80 பேர்ச், அதாவது அரை ஏக்கர், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுக் காணியாக விற்றால் பேர்ச்சுக்கு 4 இலட்சம் ரூபா, மொத்தம் 320 இலட்சம் கிடைக்கும். துண்டு பிரிக்கும்போது உள்வீதிக்கும் வாகனம் திருப்பும் இடத்துக்கும் 14 பேர்ச் போய்விட, விற்பனைக்கு எஞ்சுவது 66 பேர்ச் மட்டுமே. வீதி, வடிகான், குடிநீர்க் குழாய், மின்கம்பம், நில அளவை, அனுமதிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 40 இலட்சம் செலவானால், 360 இலட்சத்தை 66 ஆல் வகுக்க வேண்டும். உங்கள் அடக்க விலை பேர்ச்சுக்கு 4 இலட்சம் அல்ல, ஏறக்குறைய 5.45 இலட்சம். வீதிக்குப் போகும் நிலத்தை மறந்துவிட்டு விலை பேசுகிறவர்கள், இலாபம் என்று எண்ணி முதலையே கரைத்துவிடுகிறார்கள்.

காணி ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்டால், அதாவது சுமார் 395 பேர்ச்சைத் தாண்டினால், நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி 10 சதவீதத்தைப் பொது வெளியாகவும் ஒதுக்க வேண்டும். குடியிருப்புத் துண்டொன்றின் குறைந்தபட்ச அளவு 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச். வரைபடத்தை நில அளவையாளரோடு உட்கார்ந்து தீர்மானிக்கும்போதே விலையின் பாதியும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே, படம் கையொப்பமாவதற்கு முன்பே வாங்குபவர் யார் என்று யோசியுங்கள்.

இனி அந்த 66 பேர்ச்சை ஒன்பது துண்டாக்குவோம். பஸ் வீதியைப் பார்த்தபடி 8 பேர்ச்சில் இரண்டு, உள்வீதியில் 7 பேர்ச்சில் நான்கு, 6 பேர்ச்சில் இரண்டு, உள்வீதியின் முடிவில் கோணலாக 10 பேர்ச்சில் ஒன்று. பேர்ச்சுக்கு 6 இலட்சம் என்று ஒரே விலை போட்டால் வீதியோரத் துண்டு 48 இலட்சம். யாரும் விரும்பாத கோணல் துண்டு 60 இலட்சம். காணியிலேயே மோசமான துண்டுக்குக் காணியிலேயே கூடிய விலை. வாங்க வருபவர் பேர்ச் விலையைக் காதால் கேட்பாரே தவிர, கையால் எண்ணிக் கொடுப்பது மொத்தத் தொகையைத்தான் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

நான் செய்வது, நடுத்தரமான 7 பேர்ச் துண்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து ஏற்றி இறக்குவது. அது பேர்ச் 6 இலட்சம் வீதம் 42 இலட்சம். கடை போடவோ மேல்மாடியை வாடகைக்கு விடவோ வசதியுள்ள வீதியோரத் துண்டுக்குப் பேர்ச் 6.9 இலட்சம் வீதம் 55.2 இலட்சம் கேட்கலாம். ஆனால் வீதிக் கோட்டுச் சான்றிதழைப் பார்த்து, வீதி அகலிப்பில் முன்பக்கம் எவ்வளவு போகக்கூடும் என்பதை அறிந்த பின்னரே அதைக் கேளுங்கள். சிறிய 6 பேர்ச் துண்டுக்கு 6.2 வீதம் 37.2 இலட்சம், பேர்ச் விலை சற்றுக் கூடினாலும் மொத்தம் குறைவாக இருப்பதால் இளம் தம்பதியர் முதலில் பார்ப்பது அதைத்தான். கோணல் துண்டுக்கு 4.8 வீதம் 48 இலட்சம். நடுத்தரத் துண்டைவிட 6 இலட்சம் கூடக் கொடுத்தால் 3 பேர்ச் கூடக் கிடைக்கிறது, அதாவது ஒரு பேர்ச்சின் விலைக்கு மூன்று பேர்ச். இப்படிச் சொன்னால், வீட்டோடு மாமரமும் கோழிக்கூடும் வைக்க விரும்பும் ஒருவர் நின்று யோசிப்பார்.

மொத்தம் 400.8 இலட்சம் வருகிறது. ஒரே விலையில் வந்திருக்கக்கூடியது 396 இலட்சம். இந்த 4.8 இலட்ச வித்தியாசம் பெரிதல்ல. ஒன்பது துண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விலைபோவதுதான் பெரிது. 48 இலட்சம் பெறுமதியான ஒரு துண்டு முடங்கிக் கிடந்தால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தாலும் ஓராண்டில் அதே 4.8 இலட்சம் போய்விடும். கோணல் துண்டை அடக்க விலைக்குக் குறைவாக விற்கிறோமே என்று மனம் பதைக்கும். பதைக்க வேண்டாம், கணக்குப் பார்க்க வேண்டியது முழுக் காணிக்குத்தான்.

தமிழ்க் குடும்பங்கள் வாங்க வரும் இடங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. கிழக்கு, வடக்கு வாசல் பார்த்த துண்டுகள் முந்திப் போகும். முன்பக்கம் ஒடுங்கிப் பின்பக்கம் அகன்ற கோமுகக் காணியைக் குடியிருக்க நல்லது என்பார்கள். வீதி நேரே வந்து முட்டும் தெருக்குத்துத் துண்டை விலை கேட்கவும் மாட்டார்கள். ஹெந்தளையில் அந்தக் கடைசித் துண்டைப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டி, குடையை ஊன்றியபடி வீதிக்கு நேரே நின்று, எதிரே வந்த மணல் லொறியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பிரேக் பிடிக்காவிட்டால் நேரே என் விறாந்தைக்குத்தானே தம்பி வரும்" என்றார். அதைக் கேட்ட பிறகு சாத்திரத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்வீதியின் முடிவைச் சற்று வளைத்தோ, வாகனம் திருப்பும் இடத்தை அங்கே வைத்தோ தெருக்குத்தை வரைபடத்திலேயே நீக்கிவிடலாம். நாங்கள் அதைச் செய்யவில்லை.

அடுத்தது, கேள்வியை, அதாவது வாங்குவோரின் நாட்டத்தை, அளப்பது. இதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும். தொலைபேசியில் விசாரித்தவர், நேரில் வந்தவர், பெற்றோரையோ மேசனையோ கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை வந்தவர், முற்பணம் தந்தவர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். எந்தத் துண்டைக் கேட்டார், வேண்டாமென்றால் ஏன் என்பதையும் எழுதுங்கள். நூறு அழைப்புகள் வந்ததை வைத்து விலையை ஏற்றுவது தவறு, ஏனெனில் அழைப்பவர்களிற் பலர் தங்கள் சொந்தக் காணியின் விலையை அறியவே அழைக்கிறார்கள். இரண்டாம் முறை வருபவரே உண்மையான கேள்வியின் அடையாளம். அழைப்பு நிறைய, வருகை குறைவு என்றால் விலையோ விளம்பரமோ பிழை. வருகை நிறைய, இரண்டாம் வருகை இல்லை என்றால் காணியில் ஏதோ குறை இருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் நீங்களே போய் நின்று பாருங்கள்.

வாங்குபவரின் சக்தி பெரும்பாலும் வங்கித் தவணையில் இருக்கிறது. 15 ஆண்டுகளுக்கு 30 இலட்சம் கடன் எடுத்தால், வட்டி 12 சதவீதமாக இருக்கும்போது மாதத் தவணை சுமார் 36,000 ரூபா. 24 சதவீதமானால் அது சுமார் 61,700 ரூபா. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, காணியும் ஊரும் மாறாமலே வாங்கும் சக்தி எப்படிச் சுருங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் முத்திரைத் தீர்வையும் உண்டு: முதல் 100,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 42 இலட்ச ரூபாத் துண்டுக்கு அது 167,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வருபவர் கையில் கொடுங்கள். கணக்கு முழுமையாகத் தெரிந்தவர் விரைவில் முடிவெடுப்பார், பின்னர் பின்வாங்கவும் மாட்டார்.

ஒப்பிடுவதற்கு, கேட்கும் விலையை அல்ல, முடிந்த விலையைத் தேடுங்கள். மத்திய வங்கி அரையாண்டுக்கு ஒருமுறை கொழும்பு மாவட்டத்துக்கான காணி மதிப்பீட்டுச் சுட்டியை வெளியிடுகிறது. சந்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அறிய அது உதவும், உங்கள் ஒழுங்கையின் விலையை அது சொல்லாது. வருங்கால வசதிகளுக்கு விலை போடுவதையும் தவிர்க்க வேண்டும். கொட்டாவ, கடுவல, கடவத்தை, கெரவலப்பிட்டி வரையான வெளிச்சுற்று அதிவேக வீதி 2014 முதல் 2019 வரை கட்டங் கட்டமாகத் திறக்கப்பட்டது, அதன் பயனை வாங்குபவர் காரில் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். மாலபேயையும் கோட்டையையும் இணைக்கவிருந்த இலகு ரயில் திட்டமோ 2020இல் கைவிடப்பட்டது. வரைபடத்தில் மட்டும் இருப்பதற்கு விலை கேட்பது நேர்மையல்ல.

தாழ்நிலமாக இருந்தால் அதை மறைக்கவே வேண்டாம். 2016 மே வெள்ளத்துக்குப் பின் களனி கங்கையை அண்டிய கொலன்னாவை, கடுவலப் பக்கங்களில் வாங்குபவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் எதுவரை வந்தது என்பதைத்தான். வயல் நிலத்தை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத துண்டுக்குப் பட்டியலில் இடமே கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டு உறவினர் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் விலையை ஏற்றுபவர்கள் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். இலங்கைக் குடியுரிமையைத் துறந்து கனடாப் பிரசையானவரின் பெயருக்குக் காணியை விற்று உரிமை மாற்ற முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. முற்பணம் வாங்கும் முன்னரே இதைக் கேட்டுவிடுங்கள்.

அனுமதி பெற்ற வரைபடம் கைக்கு வந்ததும் ஒன்பதையும் ஒரே நாளில் சந்தைக்கு விடாதீர்கள். வீதியோரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, சிறியதில் ஒன்று, அவற்றோடு கோணல் துண்டு. இந்த ஐந்தில் ஒரே துண்டையே எல்லோரும் கேட்டால் அது மலிவு என்று பொருள். அதைப் போன்ற மற்றத் துண்டுக்குச் சற்று ஏற்றுங்கள். வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு துண்டைத் தெரிவு செய்தால் பட்டியல் சரியாக அமைந்திருக்கிறது. ஆடி மாதத்தில் முற்பணம் வராததைக் கண்டு விலையைக் குறைக்க வேண்டாம்; அந்த மாதத்தில் நம்மவர்கள் காணி எழுத விரும்புவதில்லை.

கடைசியில் ஒன்றிரண்டு தங்கினால், விளம்பரத்தில் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக மதிற்சுவரையோ முத்திரைத் தீர்வையின் ஒரு பகுதியையோ நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். நாங்கள் வெளிப்படையாக விலை குறைத்த வாரத்தில், முன்னரே வாங்கி அத்திவாரம் போட்டிருந்த ஒருவர் எங்கள் வாசலில் வந்து, தன்னை ஏமாற்றிவிட்டோமா என்று அமைதியாகக் கேட்டார். அவருக்குச் சொல்லப் பதில் இல்லாமல் நாங்கள் நின்றோம். அதன்பின் தங்கியிருந்த அந்தக் கடைசித் துண்டின் புல்லை வெட்டி, மூலைக் கற்களுக்கு வெள்ளை பூசி, வாடிய வாழைகளை அகற்றினோம். ஒரு மாதத்துக்குள் அதற்கு ஆள் வந்தது.