மாமூத் தந்தத்தில் மடக்குக் கத்திப் பிடி: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

மடக்குக் கத்தியின் பிடியை மாற்றுவது சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முடிக்கக்கூடிய கைவேலை. மரத்தில் ஒன்று, மாட்டெலும்பில் ஒன்று என்று செய்து பார்த்தவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் மாமூத் (யானையின் அழிந்துபோன உறவு விலங்கு) தந்தத்துக்குத்தான். கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அது ஒரு பல் என்பதை. யானைக்கு இருப்பதுபோலவே மாமூத்துக்கும் மேல்தாடை வெட்டுப்பல்தான் நீண்டு வளர்ந்து தந்தமாகியிருக்கிறது. கால்சியம் பாஸ்பேட் தாதுவும் கொலாஜன் புரதமும் கலந்த பொருள் அது. சூடு பட்டால் வெடிக்கும், ஈரம் ஏறினால் உப்பும், சட்டென்று காய்ந்தால் கீறல் விடும். கீழே வரும் படிகளெல்லாம் இந்த மூன்றிலிருந்தும் அதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ரஷ்யாவின் யாக்குத்தியாவில், ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணிலிருந்து எடுத்தது. சைபீரிய நிலப்பரப்பில் மாமூத் இனம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது. ஆர்க்டிக் கடலிலுள்ள ரேங்கல் தீவில் மட்டும் ஒரு சிறு கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை தாக்குப்பிடித்தது. தந்தம் தேடுகிறவர்களில் சிலர் ஆற்றங்கரையில் பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கிறார்கள். கரை சரிந்து ஆறு சேறாகிறது. ஒரு கத்திக்கு ஒரு ஜோடித் துண்டு போதும், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்குவதற்கு முன்

சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை விற்பதும், விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும் தடை. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், பறிமுதல் செய்த தந்தத்தில் சுமார் 9 டன்னைத் தேசியப் பூங்காக் கழகம் நொறுக்கியே அழித்தது. இந்த ஊர் இதில் விளையாடுவதில்லை. மாமூத் அழிந்துபோன இனம் என்பதால் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் அது இல்லை. 2019ல் இஸ்ரேல் அதைச் சேர்க்கச் சொல்லி முன்மொழிந்து, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் பாலிஷ் போட்ட மாமூத் துண்டும் யானைத் துண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பட்டியலில் இல்லை என்ற வாய்வார்த்தை சுங்க முகப்பில் எடுபடாது.

ஆகவே ஆர்டர் போடும் முன் தேசியப் பூங்காக் கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வாங்கப்போவது இன்னது, வருவது இந்த நாட்டிலிருந்து என்று சொல்லி, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ‘மாமூத்’ என்ற சொல், எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விவரம், விற்றவர் முகவரி மூன்றும் இருக்க வேண்டும். வெறும் ‘தந்தம்’ என்று எழுதித் தருகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற கத்தி, பட்டாம்பூச்சிக் கத்தி இரண்டையும் இங்கே தொடவே வேண்டாம், தடை செய்யப்பட்டவை. கையால் திறந்து மூடும் சாதாரண மடக்குக் கத்தியையும் காரணமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறாதீர்கள். பொது இடத்தில் தகுந்த காரணமின்றி ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. இந்தக் கத்தி வீட்டு மேசைக்கும் அலமாரிக்கும் உரியது.

அசலா என்று பார்ப்பது

தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் வெட்டு முகத்தில் ஒன்றையொன்று கடக்கும் மெல்லிய கோடுகள் தெரியும். ஷ்ரெகர் கோடுகள் என்பார்கள். வெளிப்பட்டையை ஒட்டியுள்ள கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தைப் பாகைமானியால் அளக்க வேண்டும். 90 பாகைக்குக் குறைவாக வந்தால் மாமூத். 115 பாகைக்கு மேல் போனால் யானை. இடையில் வந்தால் ஒரே ஒரு கோணத்தை நம்பாமல் பலவற்றை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

இதில் புதியவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். உள்மையத்தை ஒட்டிய கோடுகள் யானையிலும் குறுகலாகத்தான் இருக்கும், அவற்றைக் கணக்கில் எடுக்கவே கூடாது. இன்னொன்று, கத்திப் பிடிக்கு வரும் துண்டு தந்தத்தின் நீளவாக்கில் அறுத்தது. அதன் அகன்ற முகத்தில் இந்தக் கோடுகள் தெரியாது, குறுகிய முனையில்தான் தேட வேண்டும். எனவே அறுப்பதற்கு முன் எடுத்த குறுக்குவெட்டுப் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். நேர்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்டியிருந்தால் கோணமும் மாறிவிடும். நேர்மையான வியாபாரி இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நீலமும் பச்சையும் கலந்த கறை இருந்தால் நல்ல அடையாளம். மண்ணிலிருந்த இரும்பு சேர்ந்து உண்டான விவியனைட் என்ற தாது அது. புற ஊதா டார்ச் அடித்தால் அந்த இடம் வெல்வெட் துணிபோன்ற ஊதா நிறத்தில் எடுப்பாகத் தெரியும்.

எந்தத் துண்டு?

வெளிப்பட்டை சேர்ந்த துண்டுதான் அழகு: பழுப்பு, நீலம், பச்சை, சொரசொரப்பு. விலையும் அதற்குத்தான். ஆனால் பட்டை ஏடு ஏடாகப் பிரியக்கூடியது. முதல் கத்திக்கு உள்பகுதியின் வெண்ணெய் நிறத் துண்டு போதும். வெற்றிடத்தில் வைத்துப் பிசின் ஏற்றிய துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, நம் ஊர் ஈரத்துக்கு அது ஓரளவு தாங்கும். அசல் பட்டையின் நிறம் இருக்கும்போது கடும் பச்சை, ஊதாச் சாயம் ஏற்றியதை ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இதோடு இரண்டு மாட்டெலும்புத் துண்டுகளும் வாங்குங்கள். கீழே உள்ள எல்லாவற்றையும் முதலில் அதில் செய்து முடித்துவிட்டுத்தான் தந்தத்தில் கைவைக்க வேண்டும்.

பழக விடுவது, அதாவது சும்மா வைப்பது

நம் ஊரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். குளிர்சாதனம் ஓடும் அறையில் அது மளமளவென்று இறங்கிவிடும். குளிர்நாட்டிலிருந்து வந்த தந்தத்தை அன்றைக்கே அறுத்துப் பொருத்தினால் அடுத்த சில வாரங்களில் அது அப்பளம்போல் வளையும்.

பொட்டலத்தைப் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, வெயிலும் குளிர்காற்றும் நேராகப் படாத அலமாரித் தட்டில் வையுங்கள். இரண்டு பக்கமும் காற்றுப் பட வேண்டும். நகை நிறுக்கும் சிறு மின் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை மாறாமல் நின்றுவிட்டால் துண்டு நம் வீட்டுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் எலும்பில் பழகிக்கொள்ளுங்கள்.

கத்தியும் கருவிகளும்

பிடித்தகடு (பிடியின் இரு பக்கமும் வெளியே தெரியும் தகடு) திருகாணியால் மட்டும் பொருத்தப்பட்ட கத்தியாகத் தேர்ந்தெடுங்கள். பழைய தகட்டைக் கழற்றினாலும் அலகும் உலோக உள்தகடுகளும் தனியாகக் கோத்து நிற்க வேண்டும். ஆணி அடித்துத் தட்டிப் பரப்பும் பழைய பாணி பார்க்க அழகுதான், ஆனால் சுத்தியல் ஒரு அடி கூடினால் தந்தம் பிளந்துவிடும். அது மூன்றாவது நான்காவது கத்திக்கு.

பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் மெல்லிய அறுப்பு வாள், நடுத்தர அரம், உருட்டு அரம், புதிய டிரில் பிட்டுகள், 120 முதல் 2000 வரை உப்புத்தாள், இருபக்கம் ஒட்டும் டேப், கனம் அளக்க வெர்னியர், என்95 முகக்கவசம். ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடைகளில் சுற்றினால் எல்லாம் கிடைக்கும்.

வேலை

முதலில் கத்தி அலகைத் தடித்த டேப்பால் சுற்றிவிடுங்கள். பழைய தகடுகளைக் கழற்றி அவற்றின் கனத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திருகாணியின் நீளம் அந்தக் கனத்துக்குத்தான் பொருந்தும்.

தரை ஓட்டின் மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, தந்தத்தின் உள்பக்கத்தை அதில் தேய்த்துச் சமமாக்குங்கள். தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் தூசி பறக்காது, சூடும் ஏறாது. ஆனால் ஊற விடக்கூடாது, உடனே துடைத்துவிட வேண்டும். மயிரிழைக் கீறல் தெரிந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவைச் சொட்டு விட்டு உள்ளே இறங்க விடுங்கள்.

பழைய தகட்டை டேப்பால் தந்தத்தின் மேல் ஒட்டி, கூரான பென்சிலால் சுற்றி வரையுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுக்க வேண்டும். வாளை அழுத்தாதீர்கள், அது தன் எடையிலேயே இறங்கும்.

துளை போடுவதுதான் கைநடுங்கும் இடம். பழைய தகடு ஒட்டியபடியே இருக்கட்டும், அதன் துளைகளே வழிகாட்டி. அடியில் ஒரு மரத்துண்டைக் கிளாம்பால் இறுக்கினால் மறுபக்கம் சில்லு பெயராது. டிரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, அரை மில்லிமீட்டர் இறங்கியதும் தூக்கி, தூளை ஊதிவிட்டு மறுபடி இறக்குங்கள். பல் மருத்துவர் அறையில் வருமே ஒரு வாடை, அது வந்தால் சூடாகிவிட்டது என்று பொருள். நிறுத்துங்கள், ஆறட்டும். திருகாணித் துளைகள் ஆணியைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கட்டும். ஈரத்தில் தந்தம் அசைய இடம் வேண்டும். அலகு சுழலும் அச்சுக்கான துளையைச் சிறிதாகப் போட்டு உருட்டு அரத்தால் மெதுவாகப் பெரிதாக்குங்கள்.

திருகாணியின் தலை உட்காரும் பள்ளம் தட்டையான அடியுள்ளதாக இருக்க வேண்டும். கூம்புப் பள்ளத்தில் கூம்புத் தலை ஆணியை முறுக்கினால் அது ஆப்பு அடித்த மாதிரி பக்கவாட்டில் தள்ளும், தந்தம் ஆணியிலிருந்து ஓரம்வரை கீறும். உங்கள் கத்தியில் கூம்புத் தலை ஆணிகள் இருந்தால் தலையின் அடி தட்டையாக உள்ள ஆணிகளாக மாற்றுங்கள். இந்தப் பொருளில் நான் பார்த்த உடைசல்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கியிருக்கின்றன.

இனி ஓரங்களை அரத்தால் கோடுவரை இறக்குங்கள். பழைய தகட்டைப் பிரித்தெடுத்து, புதியதை உள்தகட்டில் திருகி, உலோகத்தோடு ஓரம் சமமாகும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு வெளிமுகம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து லேசாக வளைவு கொடுங்கள். மின் பெல்ட் சாண்டர் வேண்டாம், ஒரு நொடியில் கருகும். பட்டை சேர்ந்த துண்டென்றால் அந்தச் சொரசொரப்பைத் தேய்த்து அழிக்காமல் ஓரத்தை மட்டும் மழித்தால் போதும்.

தூசி பல் தூசி, நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, ஈரமாகத் தேய்த்து, மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். கூட்டிப் பெருக்கினால் வீடெல்லாம் பறக்கும். இரவு பத்து மணிக்கு டிரில் ஓட்டினால் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுவார், அவர் பக்கம்தான் நியாயம்.

220, 400, 600, 1000, 2000 என்று உப்புத்தாள் ஏறட்டும். முந்தைய தாளின் கீறல் மறையும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். 2000 முடிந்ததும் பருத்தித் துணியில் வெள்ளைப் பாலிஷ் தடவிக் கையாலேயே தேய்த்தால் போதும். கடைசியில் மெல்லிய மெழுகுப் பூச்சு. திருகாணிகளை இறுக்கும்போது விரல்நுனி பலம் மட்டுமே, தடை தெரிந்ததும் நிறுத்துங்கள்.

வைத்துக்கொள்வது

இந்தக் கத்தியால் எலுமிச்சையும் மாங்காயும் நறுக்க வேண்டாம். புளிப்பு பல்லின் தாதுவை அரிக்கும், பிடியின் பளபளப்பு அங்கங்கே மங்கும். ப்ளீச் ஆகாது, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகவே ஆகாது. வெயிலில் நிறுத்திய காரிலும் விடாதீர்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மெழுகு தடவுங்கள்.

மிச்சத் துணுக்குகளை எறிய வேண்டாம், பின்னால் ஓரம் சில்லுப் பெயர்ந்தால் அதன் தூளைச் சூப்பர் குளூவில் குழைத்து அடைக்கலாம். பில், மின்னஞ்சல் பதில், குறுக்குவெட்டுப் படம் மூன்றையும் அதே டப்பாவில் வையுங்கள். கத்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் அந்த நாட்டுச் சட்டத்தைத் தனியே பாருங்கள். அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, ஹவாய் மாநிலங்கள் மாமூத் தந்த விற்பனையையும் சேர்த்தே தடுத்திருக்கின்றன. சாங்கி விமான நிலையம் வழியாக எடுத்துப் போனால் கத்தி பதிவுசெய்த பெட்டியில் போக வேண்டும், காகிதங்கள் கைப்பையில்.