பலாலியோடு தொடர்புடைய விமான விபத்துகளுக்கு ஒரு பதிவேடு தயாரிக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் விமான விபத்து என்று பேச்செடுத்தால், கேட்பவரின் மனத்தில் உடனே எழுவது 1998ஆம் ஆண்டின் லயன் எயர் விமானந்தான். அதற்கு முன்னும் பின்னும், யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு வந்த, பலாலியிலிருந்து புறப்பட்ட பல விமானங்கள் வீழ்ந்திருக்கின்றன. அவற்றை நாள், இடம், காரணம் என்று ஒழுங்காகக் குறித்து ஒரு பதிவேடாக்குவதற்கு வான்பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஊர் வரலாறு எழுதுபவரோ உயர்தர மாணவரோ பொறுமையுடன் செய்துவிடலாம். நான் இதைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என் முதலாவது கொப்பியை முழுவதும் அடித்துத் திருத்த வேண்டி வந்தது. எங்கெங்கே பிழை விட்டேன் என்பதையும் சேர்த்தே வழியைச் சொல்கிறேன்.

முதலில், “பலாலியோடு தொடர்புடைய” என்பதன் எல்லையை வரைந்துகொள்ளுங்கள். ஓடுபாதையிலோ அதன் சுற்றாடலிலோ வீழ்ந்தவை, அங்கிருந்து புறப்பட்டு வேறெங்கோ வீழ்ந்தவை, அங்கு வரும் வழியில் வீழ்ந்தவை என மூன்று வகைகளையும் சேர்ப்பதே சரி என்பது என் முடிவு. வீழ்ந்த இடத்தை மட்டும் பார்த்தால் பலாலியின் கதையிற் பெரும்பகுதி கைநழுவிவிடும். 1995 செப்ரெம்பர் 13ஆம் திகதி கொழும்புக்கு அண்மையிலுள்ள இரத்மலானையிலிருந்து பலாலிக்கு எழுபதுக்கும் மேற்பட்டோருடன் புறப்பட்ட விமானப்படையின் அன்ரனோவ்-32 மேற்குக் கடலில் வீழ்ந்தது. 2000 மார்ச் 30ஆம் திகதி பலாலியிலிருந்து படையினரை ஏற்றிச் சென்ற இன்னொரு அன்ரனோவ், அநுராதபுரத்துக்கு அண்மையில் தலாவையில் வீழ்ந்து 40 பேர் இறந்தனர். இரண்டு இடங்களும் குடாநாட்டுக்கு வெகு தொலைவில் உள்ளவை. ஆயினும் இரண்டு பறப்புகளும் பலாலிப் பாதைக்கு உரியவை.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த இந்த நிலையம், பழைய ஆவணங்களில் பெரும்பாலும் “காங்கேசன்துறை” என்றே வரும். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறந்தபோது இடையில் இறங்கியதும் இந்தக் காங்கேசன்துறையில்தான். 2019 ஒக்ரோபர் 17இற்குப் பிறகு “யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்” என்று தேட வேண்டும். விமானங்களின் பெயர்களும் அப்படியே: அவ்ரோ, ஆவ்ரோ, அன்ரனோவ், அன்டனோவ் என்று பத்திரிகைக்குப் பத்திரிகை எழுத்து மாறும். எனவே ஒவ்வொரு பதிவிலும் விமானத்தின் பதிவு இலக்கத்தைத் தேடிப் பிடித்து, அதையே முதன்மை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கங்களின் முன்னெழுத்துகளுங்கூட காலத்துக்குக் காலம் மாறியவை என்பதை மறக்கவேண்டாம். சிலோன் விமானங்கள் முதலில் ‘வீபீ-சீ’ என்றும் பிறகு ‘சீவை’ என்றும் பதியப்பட்டு, அதன் பின்னரே இன்றைய ‘4ஆர்’ வந்தது. பெயர் மாறியதால் ஒரே விமானத்தை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்து இங்கே நிறைய உண்டு.

பழைய செய்திகளுக்கு வீரகேசரி, தினகரன், ஈழநாடு ஆகியவற்றின் அந்தந்த நாள் இதழ்களையும், அதைவிட முக்கியமாக அடுத்த பத்து நாள் இதழ்களையும் பாருங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது பழைய தொகுதிகளும் அழிந்தன. ஆகவே நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பையும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் நாட வேண்டியிருக்கும்.

நேரத்தைக் குறிப்பதில்தான் நான் மிகப் பெரிய பிழை விட்டேன். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1996 மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னே வைக்கப்பட்டன. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய நேரம் திரும்பி வந்தது. ஆகவே 1998ஆம் ஆண்டுச் செய்தியொன்றில் பிற்பகல் 1.40 என்று இருந்தால், அன்றைய கணக்கில் ஆறு மணித்தியாலத்தைக் கழிக்க, அது உலக நேரத்தில் காலை 7.40. இன்றைய கணக்கில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்து 8.10 என்று எழுதுவது தவறு. இதற்கு மேல், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. “ஒரு மணி கடந்திருக்கும்” என்று வன்னியில் இருந்த ஒருவர் நினைவுகூர்ந்தால், “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்டுவிட்டே எழுதுங்கள். நான் ஓர் அம்மாவிடம் அதைக் கேட்காமல் விட்டு, ஒரே ஒலியை இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளாகக் கொப்பியில் பதிந்து வைத்திருந்தேன்.

இனிக் காரணம். பதிவேட்டில் காரணத்தை எழுதும் பத்திக்கு நீங்கள் கொடுக்கும் கவனத்தில்தான் பதிவேட்டின் மதிப்பு தங்கியிருக்கிறது. “விபத்து” என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடக் கூடாது. 1978 செப்ரெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்றே, இரத்மலானையில் நின்ற எயார் சிலோன் அவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பயணிகள் இறங்கிய பின்னர் வெடித்ததால் உயிரிழப்பு நேரவில்லை. அது வைக்கப்பட்ட குண்டு. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த இரு நாள்களிலும் பலாலியருகே விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் வீழ்த்தப்பட்டு, 90இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது ஏவுகணைத் தாக்குதல். தோளில் வைத்து ஏவப்படும் இவ்வகை ஏவுகணைகள் இயந்திரத்தின் வெப்பத்தைத் தேடிச் செல்பவை. அவை எட்டும் உயரம் சில கிலோமீற்றர்களே. அதனால் விமானம் ஏறும்போதும் இறங்குவதற்குத் தாழும்போதுமே கூடிய ஆபத்தில் இருக்கும். பதிவுகளை எழுதும்போது பறப்பின் எந்தக் கட்டத்தில் நிகழ்ந்தது என்பதைத் தனியாகக் குறிக்கச் சொல்வது இதற்காகவே.

காரணப் பத்தியை இரண்டாகப் பிரியுங்கள்: அன்று சொல்லப்பட்டது ஒன்று, பின்னர் தெரியவந்தது மற்றொன்று. இரண்டிலும் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பது இருக்க வேண்டும். லயன் எயர் பதிவைக் கொண்டே இதைக் காட்டுகிறேன். 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ்-24 விமானம், புறப்பட்டுப் பத்து நிமிட அளவில் ராடரிலிருந்து மறைந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களுமாக 55 பேரும் இறந்தனர். மறைவதற்குச் சற்று முன்னர் விமானி விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைவதாக அறிவித்தார் என்ற செய்தி முதலாவது பத்தியில் வரும். அதை வைத்து இயந்திரக் கோளாறு என்று முடிவுகட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அழுத்தக் குறைவு ஓர் அறிகுறி மாத்திரமே. விமானத்தின் உடலில் எந்த வழியாகத் துளை விழுந்தாலும் அது நேரும். இரண்டாவது பத்தியில், ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதாக முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் கைதான பின்னர் அளித்த வாக்குமூலமும், 2012இல் இரணைதீவுக் கடலில் சிதைவுகள் கண்டறியப்பட்டதும், 2013இல் கடற்படை அவற்றை வெளியே எடுத்ததும் வரவேண்டும். வாக்குமூலத்தை வாக்குமூலம் என்றும், சிதைவைச் சிதைவு என்றும் எழுதுங்கள். இரண்டையும் கலந்து “உறுதியானது” என்ற ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

இராணுவ விமானங்களுக்கு விரிவான பகிரங்க அறிக்கை கிடைக்காததையிட்டுச் சோர வேண்டாம். 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை குடிசார் விமானங்களுக்கே உரியது. அதன் 13ஆம் பிற்சேர்க்கை சொல்லும் விசாரணை முறை படை விமானங்களைக் கட்டாது. அதே பிற்சேர்க்கை, விசாரணையின் நோக்கம் மீண்டும் நிகழாமல் தடுப்பதே, குற்றஞ்சாட்டுவதல்ல என்றும் சொல்கிறது. ஆகவே அறிக்கையொன்று “காரணம்” என்று சொல்வதை “குற்றவாளி” என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அறிக்கை இருந்தாலும் அது ஒன்றாக இருக்கும் என்பதில்லை. 1978 நவம்பர் 15இல் கட்டுநாயக்கவில் இறங்கவிருந்து வீழ்ந்து 183 பேரைப் பலிகொண்ட ஐஸ்லாந்து விமானத்தைப் பற்றி, விமானிகள் இறங்கு நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று இலங்கைத் தரப்பு முடிவுசெய்தது. ஐஸ்லாந்துத் தரப்போ தரையிலிருந்த இறங்கு வழிகாட்டிக் கருவியையும் கட்டுப்பாட்டாளர்களையும் காரணம் காட்டியது. இப்படி முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். நடுவில் ஒரு சமரசக் காரணத்தை நீங்களாக உருவாக்க வேண்டாம்.

இறந்தோர் தொகையைப் பயணிகள், பணியாளர், தரையில் இருந்தோர் எனப் பிரித்தே பதியுங்கள். பத்திரிகைகளுக்கிடையே ஒன்றிரண்டு எண்ணிக்கை வேறுபடுவதற்குக் காரணம், பெரும்பாலும் பணியாளரைச் சேர்த்ததும் சேர்க்காததுமே.

பெயர்களைப் பொறுத்தவரை என் நடைமுறை இது. பெயர்ப் பட்டியல் கைக்குக் கிடைத்தாலும், உறவினரின் சம்மதமின்றி நான் எவருடைய பெயரையும் வெளியிடுவதில்லை. 2014 ஜனவரியில், கடலுக்கடியில் பதினைந்து ஆண்டுகள் கிடந்த உடைகளும் பொருள்களும் யாழ்ப்பாணத்தில் அடையாளங் காண்பதற்காக வைக்கப்பட்டபோது, ஒரு சேலைத் துண்டையோ ஒரு சட்டையையோ தேடிக் குடும்பங்கள் வந்தன. நீங்கள் சந்திக்கப் போவது அந்தக் குடும்பங்களைத்தான். காரணத்தைப் பற்றிய கேள்வியோடு போகாதீர்கள். அவர் என்ன வேலையாகக் கொழும்புக்குப் புறப்பட்டார், யார் பலாலி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்பதிலிருந்து கேளுங்கள். எழுதியதை அவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டி, அவர்கள் மாற்றச் சொன்னதை மாற்றிய பின்னரே அந்தப் பதிவைப் பேனையால் எழுதுங்கள். அதுவரை அது பென்சிலில் இருக்கட்டும்.