'தி ரியல் திங்' ஆல்பத்தை அடியிலிருந்து மேலாகக் கேட்பது எப்படி?

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபெய்த் நோ மோர் குழு 1989 ஜூனில் வெளியிட்ட 'தி ரியல் திங்', நடனத் துள்ளல் கொண்ட ஃபங்க் இசையின் தாளக்கட்டையும் கிட்டார் முழங்கும் மெட்டல் இசையின் கனத்தையும் ஒரே பாட்டுக்குள் இணைத்த ஆல்பங்களில் மிக முக்கியமானது. ஆயினும் மெட்டல் கேட்டுப் பழகியவர்கள் இதை முதன்முறை கேட்கும்போது கிட்டார் போதவில்லை என்கிறார்கள். பாடகரை மட்டும் பின்தொடர்கிறவர்கள் அவருடைய மூக்கொலியிலேயே நின்றுவிடுகிறார்கள். பழக்கத்தின் காரணமாக மேலடுக்கில் இருப்பதை முதலில் பிடித்துக்கொள்வதால் வரும் சிக்கல் இது. இந்த ஆல்பத்தை பேஸ் கிட்டாரிலும் டிரம்ஸிலும் தொடங்கி, கீபோர்டு, கிட்டார் வழியாக ஏறி, குரலைக் கடைசியில் வந்தடையும்படி கேட்க வேண்டும்.

முதலில், கேட்கும் கருவியைப் பற்றி. கைபேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்காதீர்கள். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சிறிய ஒலிபெருக்கியால் தர இயலாது. ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் போதும். அதே சமயம், செயலியில் பேஸ் அளவை ஏற்றி வைக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் தந்தியில் விரல் படும் அந்தக் கூர்மையான தட்டொலி அமுங்கி, வெறும் உறுமல் மட்டும் மிஞ்சும். இந்த ஆல்பத்தின் உயிர் அந்தத் தட்டொலியில் இருக்கிறது.

மூன்றாவது பாடலான 'ஃபாலிங் டு பீசஸ்' தொடங்குவதற்கு ஏற்ற இடம், ஏனெனில் அது பில்லி கூல்டின் பேஸ் கிட்டாரோடு திறக்கிறது. ஃபங்க் வாசிப்பில் கட்டைவிரலால் தந்தியை அடித்து, மற்ற விரல்களால் கொக்கிபோல் இழுத்து விடும் முறை ஒன்று உண்டு. அதைப் பரவச் செய்தவர் லாரி கிரஹாம். தாயுடன் சேர்ந்து வாசித்துவந்த இளவயதில், டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையை ஈடுகட்டவே அவர் தந்தியைத் தட்டத் தொடங்கினார். பின்னர் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அந்த வாசிப்பு உலகறிய ஒலித்தது. அந்தக் குழுவும் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவானதுதான். ஆகவே பேஸ் கிட்டார் பாதி தாளக் கருவியாகவும் பாதி மெட்டுக் கருவியாகவும் நடந்துகொள்வது அந்த ஊரின் சொத்து என்றே சொல்லலாம், கூல்டு அதற்கு உரிமையுள்ள வாரிசு. பாடலை ஒருமுறை முழுக்க பேஸை மட்டும் பின்பற்றிக் கேளுங்கள். ஸ்வரங்களைக் காட்டிலும் அவற்றுக்கு இடையே அவர் விடும் மௌனங்களைக் கவனியுங்கள். ஃபங்கின் துள்ளல் அந்த இடைவெளிகளிலிருந்தே பிறக்கிறது.

இரண்டாம் முறை அதே பாடலில் மைக் போர்டினின் டிரம்ஸுக்குச் செவி கொடுங்கள். போர்டின் பெர்க்லியில் ஆப்பிரிக்கத் தாள இசை பயின்றவர். சிம்பல் எனப்படும் உலோகத் தட்டைக் கொண்டு நேரத்தை எண்ணிக்கொண்டே போகாமல், டாம் எனப்படும் ஆழ்ந்த தோல்வாத்தியங்களை உருட்டி அடிப்பது அவர் வழக்கம். அந்த அடி மெட்டல் வாசிப்பவரின் அடியைப் போலவே பலமானது, ஆனால் விழும் இடம் நடனத்துக்கு உரியது. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருந்ததால்தான் இந்தக் குழுவில் ஃபங்கும் மெட்டலும் ஒட்டுப்போட்டதாகத் தெரிவதில்லை.

இப்போது இரண்டாவது பாடலான 'எபிக்' பக்கம் திரும்பலாம். 1990இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 9ஆம் இடத்தையும், ஆஸ்திரேலியாவில் முதலிடத்தையும் பிடித்த பாடல் இது. சரணத்தில் பேஸும் டிரம்ஸும் களத்தைக் காலியாக வைத்திருக்க, பாடகர் மைக் பேட்டன் ராப் பாணியில் சொற்களை அடுக்குகிறார். பல்லவி வந்ததும் ராடி பாட்டமின் கீபோர்டு வானம்போல் விரிகிறது, ஜிம் மார்ட்டினின் கிட்டார் அடியில் பாறையாக இறங்குகிறது. இந்த மாற்றம் நிகழும் நொடியை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கேட்பது நல்லது. கிட்டார் எப்போதும் நிரம்பி ஒலித்திருந்தால் பல்லவிக்கு இந்த ஓங்கல் கிடைத்திருக்காது. மார்ட்டின், மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்டனுடன் இளமையில் ஒன்றாக வாசித்தவர். தூய மெட்டல் மனிதர். அவருடைய கனத்தை எங்கே அனுமதிப்பது, எங்கே தடுத்து நிறுத்துவது என்ற தீர்மானத்தில் குழுவின் மேதைமை தெரிகிறது. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு பாடல் தனிப் பியானோவோடு முடிவதையும் தவறவிடாதீர்கள், அதை அவசரத்தில் தாண்டிச் சென்றுவிடுகிறவர்கள் பலர்.

குரலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முந்தைய பாடகர் சக் மோஸ்லி விலக்கப்பட்ட பின், இசையின் பெரும்பகுதியைக் குழுவினர் குரல் இல்லாமலேயே உருவாக்கிவிட்டார்கள். அதன் பிறகு வந்துசேர்ந்த பேட்டன், இருபது வயதில், ஏறக்குறைய இரண்டே வாரங்களில் வரிகள் முழுவதையும் எழுதினார். அதாவது கட்டி முடித்த வீட்டுக்குள் கடைசியாக நுழைந்தவர் அவர். கருவிகள் தம்மளவில் முழுமை பெற்றிருப்பதால், அவர் இட்டு நிரப்ப வேண்டிய அவசியமின்றி விளையாட முடிந்தது. பலர் குறைசொல்லும் அந்த மூக்கொலியை நான் குறையாகக் கருதவில்லை. கீபோர்டும் கிட்டாரும் சேர்ந்து எழுப்பும் அடர்ந்த ஒலியை ஊடுருவி வெளியே வர அப்படியொரு மெல்லிய, கூரான குரல்தான் தேவைப்பட்டது.

குரல் பழகிய பின் 'ஸோம்பி ஈட்டர்ஸ்' பாடலையும், அடுத்து வரும் ஆல்பத்தின் தலைப்புப் பாடலையும் இடைவெளி விடாமல் கேளுங்கள். முதலாவது மென்மையான கிட்டார் மீட்டலில் தொடங்கி, பாதி வழியில் உறுமலாக மாறுகிறது. அதில் பேசுவது ஒரு கைக்குழந்தை. தன்னைக் கவனித்தே ஆக வேண்டும் என்ற குழந்தையின் கொடுங்கோன்மையை ஒரு மெட்டல் பாட்டின் பொருளாக்கியது எவ்வளவு துணிச்சலானது! தலைப்புப் பாடல் எட்டு நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. மெதுவாக ஏறி, அடங்கி, மீண்டும் ஏறுகிறது. இதைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்தால் ஒன்றும் கிட்டாது. மெட்டலின் வேகத்தை மட்டும் நாடுகிறவர்களுக்கு 'சர்ப்ரைஸ்! யூ ஆர் டெட்!' இருக்கிறது, அதற்கு வழிகாட்டுதல் தேவையில்லை.

வரிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பேட்டன் பெரும்பாலும் தன் குரலில் பேசுவதில்லை, பாத்திரங்களின் குரலில் பேசுகிறார். 'எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்' இரவு விடுதிப் பியானோ இசையின் இனிமையில் ஒலித்தாலும், அதில் பேசுபவன் இளம்பெண்ணை வளைக்க முயலும் வயதான அருவருப்பான மனிதன். மெட்டின் இனிமையும் பேசுபவனின் கயமையும் ஒன்றையொன்று உறுத்த வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாடலும், மெட்டல் முன்னோடிகளான பிளாக் சப்பாத் குழுவின் 'வார் பிக்ஸ்' பாடலை இவர்கள் வாசித்ததும் குறுந்தகட்டில் உண்டு. தொடக்கத்தில் வந்த இசைத்தட்டில் இல்லை. இசைத்தட்டின் கடைசிப் பாடல் 'வுட்பெக்கர் ஃப்ரம் மார்ஸ்', முழுவதும் வாத்திய இசை. முழு ஆல்பத்தையும் முதன்முறை வரிசையாகக் கேட்கும்போது அங்கேயே நிறுத்திக்கொள்வதைப் பரிந்துரைக்கிறேன். பேட்டன் இல்லாமல் மற்ற நால்வரும் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை அது காட்டுகிறது. அதன் பிறகு 1992இல் வந்த 'ஏஞ்சல் டஸ்ட்' ஆல்பத்துக்குப் போகலாம். அதில் பேட்டனின் குரல் முற்றிலும் வேறாக, அடித்தொண்டையிலிருந்து வருகிறது. ஃபங்கின் துள்ளல் குறைந்து இருள் கூடுகிறது. மார்ட்டின் இந்தக் குழுவோடு வாசித்த கடைசி ஆல்பமும் அதுவே.